விட்டு விட்டு வரும் கோளாறு

அசையக் கூடாது என்று ஸ்கேன் எடுக்கிற அம்மாள் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திய மறுகணமே லோகநாதனுக்கு மூக்கின் இடது பக்கம் அரித்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அரித்திருக்காது. இதில் மூக்கின் மேல் குற்றமில்லை. ஆபீசில் இவரே ‘இந்தப் பட்டனை யாரும் தொட வேண்டாம்’ என்று காகிதத்தில் அடித்து ஒட்டிய பிறகுதானே ஆளாளுக்கு வந்து தொட்டார்கள், அதுவரை அங்கே ஒரு பட்டன் இருப்பதே யாருக்கும் தெரியாதே. தலையைச் சுற்றி ஒரு கூண்டு, கூண்டுக்கும் தாடைக்கும் நடுவில் ஸ்பாஞ்சுத் துண்டுகள், காதுக்குள் அடைப்பான், அதன் மேல் ஒரு ஹெட்போன், வலது கையில் ஒரு ரப்பர் பந்து. அவசரம் என்றால் இதை அமுக்குங்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். மூக்கு அரிப்பது அவசரத்தில் சேருமா என்று அப்போதே கேட்டிருக்கலாம். கண்ணுக்கு ஒரு சாண் மேலே வெள்ளை பிளாஸ்டிக் கூரை, அதில் இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் மேடு தட்டியிருந்தது. கிளிப்தான். ஸ்க்ரூ போடாமல் அழுத்தி மாட்டுகிற எதிலும் லோகநாதனுக்கு நம்பிக்கை கிடையாது. ஸ்க்ரூ போட்டவன், என்றைக்காவது ஒருத்தன் இதைத் திறந்து பார்ப்பான், அவன் பாவம் என்று நினைத்திருக்கிறான். கிளிப் வைத்தவன் விற்றதோடு தலைமுழுகிவிட்டான். லேப்டாப் செய்கிறவர்கள் எல்லோரும் இப்போது இந்த இரண்டாவது ஜாதிதான், அவர்களால் லோகநாதன் உடைத்துக்கொண்ட நகங்களுக்குக் கணக்கே இல்லை. இப்படிப் பிளாஸ்டிக்கை ஆராய்ந்துகொண்டு இருப்பதற்காக இங்கே வந்து படுக்கவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் பிளாஸ்டிக்கை நினைக்காவிட்டால் அந்த இன்னொன்றை நினைக்க வேண்டியிருக்கும். மனைவி வளர்மதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள், நேற்று சமையல்கட்டில் நின்று தங்கையிடம் போனில் குசுகுசுவென்று சொன்னாள், தலைக்குள்ள கட்டி கிட்டி இருக்குமோன்னு பயமா இருக்குடி என்று. கட்டி சரி, அதென்ன கிட்டி? கட்டியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, அந்தக் கிட்டிதான் ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கொஞ்ச நாளாக லோகநாதனுக்கு ஒரு சத்தம் கேட்கிறது. அவருக்கு மட்டும் கேட்கிறது. சின்னதாக, மெல்லியதாக, ‘பீப்’ என்று ஒரே ஒரு தடவை. அப்புறம் ஒன்றுமில்லை. மறந்து வேறு வேலையில் மூழ்கும்போது மறுபடி ஒரு பீப். முதலில் கேட்டது ஆபீசில். கரூரில் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சிஸ்டம் அட்மின் என்று கார்டில் போட்டிருக்கும், தறிக்கூடத்திலிருந்து முதலாளி வீடு வரைக்கும் சிஸ்டம் லோகு என்றால்தான் தெரியும். பீப்புகளைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யூபிஎஸ் கரண்ட் போனால் எப்படிக் கத்தும், பேட்டரி சாகப்போகிறது என்றால் எப்படிக் கத்தும், ராம் மெமரி சரியாக உட்காராத கம்ப்யூட்டர் நீட்டி முழக்கி எப்படிக் கத்தும், கீபோர்டின் மேல் யாரோ பைலைத் தூக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் எப்படிக் கத்தும், எல்லாம் அத்துப்படி. அதனால் முதல் நாள் அவர் பயப்படவே இல்லை, சந்தோஷம்கூடப் பட்டார், இன்றைக்கு ஒருத்தன் மாட்டினான் என்று. யூபிஎஸ் ஒவ்வொன்றாகப் போய்க் காதை வைத்துப் பார்த்தார். டெஸ்பாட்ச் ரங்கராஜன் அவர் யூபிஎஸ்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனான். எந்த யூபிஎஸ்ஸும் கத்தவில்லை. சாயங்காலம் வீட்டில், கட்டிலில் சாய்ந்து பேப்பர் படிக்கும்போது, பீப். ஏய் வளரு, இங்க வா, ஏதாச்சும் கேக்குதா? அவள் குக்கரை இறக்கிவிட்டு ஓடி வந்து நின்றாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் சீரியல் அழுதது. ஒண்ணுமில்லீங்களே என்று அவள் போன பிறகு, அவள் கொலுசுச் சத்தம் சமையல்கட்டை எட்டிய பிறகு, பீப். மறுநாள் அமராவதிப் பாலத்தில் வண்டிகள் நெரித்துக்கொண்டு நிற்கும்போது, தலையில் ஹெல்மெட்டோடு, பீப். அந்த இடத்தில்தான் லோகநாதனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பாலத்தின் மேல் யூபிஎஸ் கிடையாது. ஆபீஸ், வீடு, பாலம், மூன்றுக்கும் பொதுவாக இருக்கிற ஒரே சாமான் தன் தலைதான் என்று அவர் முடிவு கட்டினார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். எந்தக் காதுல கேக்குது, என்று டாக்டர் கேட்டார். தெரியலீங்க. எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா? சொல்ல முடியலீங்க டாக்டர், திடீர் திடீர்னு. அதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சீங்களா? ஒண்ணுமே செய்யலீங்க. சொன்ன பிறகுதான் உறைத்தது, வார்த்தைக்கு வார்த்தை ரங்கராஜன் சொல்கிற பதில். சிஸ்டம் போச்சு என்பான், எப்ப போச்சு என்றால் தெரியலைண்ணா, என்ன செஞ்சே என்றால் ஒண்ணுமே செய்யலைண்ணா, ஒண்ணுமே செய்யாதவன் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே அவன் மச்சான் கல்யாண வீடியோ மூன்று தடவை காப்பி ஆகிக் கிடக்கும். இத்தனை வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்தவர் அன்றைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முழித்தார். காது சுத்தமாக இருக்கிறது, எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த ‘எதற்கும்’ லோகநாதனுக்கு நன்றாகத் தெரிந்த சொல். ‘எதற்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் அதற்கு அர்த்தம், எனக்கும் ஒன்றும் புரியவில்லை என்பதுதான்.

திடீரென்று மிஷின் ஆரம்பித்தது. தடதடதடதட, கொஞ்சம் நிறுத்தி, கர்ர்ர், மறுபடி தடதடதட. அடைப்பானையும் தாண்டி மண்டைக்குள் வந்து அடித்தது. ஒரு கணம் லோகநாதனுக்கு உயிரே போய்விட்டது, அடுத்த கணம் பழக்கப்பட்ட ஒருத்தரைப் பார்த்த மாதிரி மனசு லேசானது, ஏனென்றால் இது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஊசியால் குத்திக் குத்தி அடிக்கிற பழைய ரகம். சந்தேகமே இல்லை. டெஸ்பாட்சில் டெலிவரி சலான் அடிக்கிறதே, அதே தாளம், அதே முரட்டுத்தனம், மூன்று காப்பிக்கும் சேர்த்துக் குத்துகிற அதே குத்து. தான் ஒரு பெரிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள் பேப்பர் மாதிரிப் படுத்திருப்பதாக நினைத்தபோது கிட்டத்தட்ட சிரிப்பு வந்தது, சிரித்தால் அசையும் என்று அடக்கினார். பிரிண்டர்களைப் பற்றி லோகநாதனிடம் யாராவது நிதானமாக உட்கார்ந்து கேட்டால் ஒரு பகல் முழுக்கச் சொல்லுவார், யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட சாமான்களிலேயே மனிதனை மதிக்காத பிறவி பிரிண்டர். அதிலும் இந்த இங்க்ஜெட் இருக்கிறதே, அதை வீட்டுக்குள் விடுவதும் குடிகாரச் சித்தப்பாவை வீட்டோடு வைத்துக்கொள்வதும் ஒன்றுதான், கேட்டுக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருநாள் வேலை வாங்கலாம் என்று கூப்பிட்டால் மூக்கு அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். கறுப்பில் ஒரு வரி அடிக்க மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்று மறுக்கிற திமிர் வேறு எந்த ஜந்துவுக்காவது உண்டா? லேசர் பரவாயில்லை, கௌரவமான ஆள், ஆனால் சூடு ஆறாது. டாட் மேட்ரிக்ஸ் ஒன்றுதான் பிரிண்டர். ரிப்பன் தேய்ந்தால் மங்கலாக அடித்தாவது அடிக்கும், ஊமைக்கோட்டான் மாதிரி விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்காது. புது பிரிண்டருக்கெல்லாம் தன் பெயரையும் ஊரையும் கொடுத்து, இன்டர்நெட்டில் ஒரு கணக்குத் தொடங்கி, அது அனுப்புகிற வாழ்த்துகளை வாங்கிக்கொண்ட பிறகுதான் ஒரு சலான் அடிக்கலாம் என்றாகிவிட்டது. தடதடதடதட. அடி, நல்லா அடி. மூன்று காப்பி அடி. வெள்ளைக் காப்பி டாக்டருக்கு, மஞ்சள் காப்பி பைலுக்கு, இளஞ்சிவப்புக் காப்பி வளர்மதிக்கு. என்ன அடிக்கிறாய்? என் தலைக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதை அடிக்கிறாய். இந்த இடத்தில் வேடிக்கை சட்டென்று நின்றுபோனது. கட்டி என்றால் எவ்வளவு பெரிது இருக்கும், பட்டாணி அளவா, புளியங்கொட்டை அளவா? டாக்டர்கள் ஏன் எப்போதும் மளிகைக்கடையை வைத்தே அளக்கிறார்கள்?

சத்தம் நின்றது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அந்த அம்மாளின் குரல் வந்தது. நல்லா ஒத்துழைக்கிறீங்க, இன்னும் நாலஞ்சு இருக்கு, அசையாம இருங்க. அமலோற்பவம் என்று அவர் கோட்டில் பெயர் குத்தியிருந்ததை லோகநாதன் வரும்போதே படித்திருந்தார். அதோடு இன்னொன்றையும் படித்திருந்தார், அதுதான் வினை. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாளின் கம்ப்யூட்டர் இருந்தது. போகிற போக்கில் திரையைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது, துணிக்கடைக்காரன் பஸ்சில் பக்கத்தில் நிற்கிறவன் சட்டையை ஓரமாகப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு நோய் அது. திரையின் கீழ் மூலையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று முளைத்திருந்தது. டி டிரைவில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அமலோற்பவம் மவுசை எடுத்து அதன் மேல் ஒரு தட்டு தட்டி மூடிவிட்டு, பெயர் வயசு சொல்லுங்க என்றார். மூடிவிட்டு! உலகத்தில் இரண்டே அபிப்பிராயங்கள்தான் லோகநாதன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றக் கூடியவை. ஒன்று, கம்ப்யூட்டரில் சுற்றுகிற சாமான்தான் முதலில் சாகும், அதனால் ஃபேனை மாசம் ஒருதடவை துடைக்க வேண்டும். இன்னொன்று, மஞ்சள் முக்கோணத்தை மூடக் கூடாது. அது நம் எதிரி இல்லை, நமக்காகக் கதறுகிற ஒரே ஜீவன் அதுதான். வைரஸுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு மூலையில் வந்து குதிக்கிறதே ஒரு சாப்ட்வேர், அது வாட்ச்மேன் வேலைக்கு வந்துவிட்டு வீட்டுக்காரனையே அடையாள அட்டை கேட்கிற ரகம், அதை மூடலாம். அப்டேட் அப்டேட் என்று மதியம் இரண்டு மணிக்கு, முதலாளி வெளிநாட்டுக்காரனோடு பேசிக்கொண்டிருக்கும்போது திரையை நீலமாக்குகிறதே, அதன் வாயையும் மூடலாம். இதை மூடக் கூடாது. இப்போது என்ன ஆகும்? தன் மண்டை துண்டு துண்டாகப் படமாகி அந்த டி டிரைவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் இடம் தீர்ந்துவிட்டால்? பாதி மூளைதான் பதியும். மீதிப் பாதியில் கட்டி இருந்தால் யாருக்குத் தெரியும்? அல்லது பழைய படங்களை அழித்துவிட்டு அதன் மேல் எழுதுகிற ஏற்பாடாக இருந்தால், வேறு யாரோ ஒருத்தரின் முழங்கால் இவர் தலையால் அழியும், அந்த முழங்கால்காரர் நாளைக்கு வந்து நின்றால் அவருக்கு லோகநாதனின் மூளையை எடுத்துக் கொடுப்பார்கள். அமலோற்பவத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லக் கூடாது, அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. சொல்லியே ஆக வேண்டும். தடதடவென்று அடுத்தது ஆரம்பித்துவிட்டது. லோகநாதன் ரப்பர் பந்தை அமுக்கினார்.

மிஷின் பட்டென்று நின்றது. கதவு திறந்தது. “என்ன சார், என்ன பண்ணுது? மூச்சு முட்டுதா? பயமா இருக்கா?” என்று அமலோற்பவம் ஓடி வந்து அவர் பாதத்தைப் பிடித்தார்.

“இல்லைங்க மேடம். அந்த டி டிரைவ் ஃபுல்லுன்னு ஒரு முக்கோணம் வந்துச்சுங்களே, அதை நீங்க மூடிட்டீங்க. கொஞ்சம் பாத்துக்கங்க. வேண்டாத பைலை ஒரு பத்து அழிச்சீங்கன்னாக்கூடப் போதும்.”

அமலோற்பவம் அவர் பாதத்தை விட்டார்.

“சார், நீங்க என்ன வேலை பாக்கீங்க?”

“சிஸ்டம் அட்மினுங்க.”

“நான் அப்பவே நினைச்சேன். போன வாரம் ஒரு ஏசி மெக்கானிக் வந்தாரு, குழாய்க்குள்ள படுத்துக்கிட்டே கேஸ் கம்மியா இருக்குன்னாரு. சேதாரம் இல்லாம எந்திரிச்சு வீட்டுக்குப் போணும்னா பேசாம படுங்க. இப்ப எடுத்தது வீணாப் போச்சு, மறுபடி எடுக்கணும்.”

கதவு சாத்தப்பட்டது. தடதடதட. லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் பயம் நேராகவே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. சரி, கட்டி என்றே வைத்துக்கொள்வோம், என்று அவர் தைரியமாக ஆரம்பித்தார். ஆபரேஷன் என்பார்கள். மண்டையைத் திறப்பார்கள், ஸ்க்ரூவா கிளிப்பா, அதை விடு. உள்ளே எந்தப் பகுதியில் கைவைப்பார்கள்? எது அழியும்? வளர்மதி முகம் அழியாது, அது எங்கே வைத்திருக்கிறது என்று அவருக்கே தெரியாத ஆழத்தில் இருக்கிறது. ஸ்கூலில் படித்த செய்யுள் அழிந்தால் அழியட்டும். சர்வரின் பாஸ்வேர்டு? இந்த இடத்தில் தேகம் முழுவதும் வியர்த்தது, அந்த ஏசியிலும். சர்வர் பாஸ்வேர்டு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, இந்தக் கூண்டுக்குள் இருக்கிற தலையில். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கிறவர்களை அவர் எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறார், மானிட்டர் ஓரத்தில் துண்டுக்காகிதம் ஒட்டுகிறவர்களை, கீபோர்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறவர்களை, தன் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டுக் கோட்டை கட்டியதாக நினைக்கிற ரங்கராஜனை. எழுதாததற்கு அது மட்டும் காரணமில்லை. முதலாளி ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், லீவு கேட்டவரை உட்காரவைத்து, பேரனுடைய விளையாட்டு சிடி ஓடவில்லை என்று வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாயங்காலம் வரைக்கும் வேலை வாங்கினார். அன்றைக்கு ராத்திரியே லோகநாதன் சர்வரின் பாஸ்வேர்டை மாற்றினார். முதலாளியின் பெயர், அதற்கு முன்னால் ஒரு அடைமொழி, பின்னால் அவருடைய வயிற்றைப் பற்றி ஒரு குறிப்பு, கடைசியில் இரண்டு ஆச்சரியக்குறி. பலமான பாஸ்வேர்டு, யாரும் ஊகிக்க முடியாது. தினமும் காலையில் அதை டைப் அடிக்கும்போது கிடைக்கிற நிம்மதி வேறு எதிலும் கிடைத்ததில்லை. இப்போது தான் செத்துவிட்டால், அல்லது சாகப்போகிறோம் என்று தெரிந்தால், முதலாளி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், நல்ல மனுஷன், ஹார்லிக்ஸோடு வருவார், லோகு, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், அந்த பாஸ்வேர்டு மட்டும் சொல்லிட்டுப் போயிரு சாமி என்பார். எப்படிச் சொல்வது? அந்த அடைமொழியை வாய் திறந்து எப்படிச் சொல்வது? வளர்மதி வேறு பக்கத்தில் நிற்பாள். சொல்லாமல் செத்தால் ஏற்றுமதி நின்றுவிடும். சொல்லிவிட்டுச் சாகலாம், ஆனால் சொன்ன பிறகு சாகாமல் பிழைத்துவிட்டால்? இதை நினைத்து நினைத்து லோகநாதனுக்கு அழுகை முட்டியது. சாவது பெரிய காரியமாகத் தெரியவில்லை, சாவதற்கு முன்னால் பாஸ்வேர்டை மாற்ற ஒரு பத்து நிமிஷம் ஆபீசுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். இல்லை, பொய். சாவது பெரிய காரியமாகத்தான் இருந்தது. வளர்மதிக்குத் தனியாக பேங்குக்குப் போகத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும், எல்லாம் தெரியும். ஆனால் ராத்திரி இடி இடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், அப்போது பக்கத்தில் யாராவது ஒருத்தர் தூக்கக் கலக்கத்தில், ஒண்ணுமில்ல படு என்று சொல்ல வேண்டும். அது ஒன்றைத்தான் அவர் இத்தனை வருஷமாக அவளுக்கு உருப்படியாகச் செய்திருக்கிறார்.

சத்தம் மறுபடி நின்றது. அமலோற்பவம் ஒன்றும் சொல்லவில்லை, கோபம் போலிருக்கிறது, அல்லது டி டிரைவில் எதையாவது அழித்துக்கொண்டிருக்கிறார். ஆழமான நிசப்தம். எங்கோ தள்ளி ஒரு பம்பு மட்டும் சளக் சளக் என்று ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதன் காத்திருந்தார். வரும். இந்த மாதிரி அமைதியில்தான் அது வரும். வரவில்லை. காதை உள்பக்கமாகத் திருப்பி வைத்துக் கேட்டார், அப்படிச் செய்ய முடியுமா தெரியாது, செய்தார். வரவில்லை. யோசித்துப் பார்த்தால், வந்து படுத்ததிலிருந்தே வரவில்லை. முதலில் தோன்றியது, காதே போய்விட்டது என்பது. ஆனால் பம்பு கேட்கிறதே. காதில் அடைப்பான் இருப்பதால் கேட்கவில்லையா? தலைக்குள்ளிருந்து வருகிற சத்தத்தை அடைப்பான் எப்படித் தடுக்கும், வீட்டுக்குள் இருக்கிற ஆளுக்கு வெளிக்கதவைப் பூட்டி என்ன பிரயோசனம்? அந்தக் குளிர்ந்த குழாய்க்குள் லோகநாதனின் மூளை, கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல்முறையாகத் தன் தொழிலைச் செய்ய ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் இவர் முதலில் என்ன செய்வார்? மதர்போர்டு போச்சு என்று அழுவாரா? அழமாட்டார். ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பிரிண்டரைக் கழற்று, ஓடுகிறதா பார். பென் டிரைவை உருவு, பார். ஒரு ராமை எடு, பார். எதைக் கழற்றினதும் கோளாறு போகிறதோ அதுதான் குற்றவாளி. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கெல்லாம் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாலபாடம் இது. அதைத் தன் விஷயத்தில் மட்டும் செய்யாமல், எடுத்த எடுப்பிலேயே மதர்போர்டைத் திறக்கிற இடத்துக்கு வந்து படுத்திருக்கிறாரே, இவரைவிட ரங்கராஜன் எந்த விதத்தில் மட்டம்? இங்கே வரும்போது அவரை ஒவ்வொன்றாகக் கழற்றியிருந்தார்கள். வாட்ச், மோதிரம், பெல்ட், சாவிக்கொத்து, செல்போன், ஆபீஸ் பை, இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண்கூட. எல்லாவற்றையும் வளர்மதியிடம் கொடுத்துவிட்டு ஒரு பச்சை அங்கியோடு உள்ளே வந்தார். கழற்றப்படாமல் கூடவே வந்தது தலை ஒன்றுதான். தலை இங்கே இருக்கிறது, பீப் இங்கே இல்லை. அப்படியானால்! மார்பு படபடவென்று அடித்தது, அசையாமல் படபடக்க அவர் பாடுபட்டார். அப்படியானால் தலையில் இல்லை. தலையில் இல்லை! பெரிய மாரியம்மா, தலையில் இல்லை! குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்க முடியாததால் கால் கட்டைவிரலை மட்டும் ஒருதடவை ஆட்டிக்கொண்டார்.

சந்தோஷம் அடுத்த தடதட வரைக்கும்தான் நிலைத்தது. விட்டு விட்டு வரும் கோளாறு என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்படி மறந்தார்? அவர் தொழிலிலேயே கொடியது அதுதான். ஒரேயடியாகச் செத்துப்போன மிஷினைப் பார்த்து லோகநாதன் ஒருநாளும் பயந்ததில்லை, அது யோக்கியன், செத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாகிறது. அவ்வப்போது வந்து போகிற கோளாறு அப்படியில்லை. பார்க்க ஆள் வந்ததும் ஒளிந்துகொள்ளும். ரங்கராஜன் போன் போட்டுக் கத்துவான், இவர் மாடி ஏறிப் போய் நின்றதும் பிரிண்டர் பவ்வியமாக அடிக்கும், இப்ப ஓடுதுங்கண்ணா என்று அவன் பல்லைக் காட்டுவான், இவர் மாடி இறங்கியதும் மறுபடி நிற்கும். அவனுக்கு வேலை தெரியாது என்று எத்தனை தடவை திட்டியிருப்பார். அதே மாதிரி இந்தப் பீப்பும் ஸ்கேன் மிஷினைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வெளியே போய் முதல் டீ குடிக்கும்போது வந்து நிற்காது என்று என்ன நிச்சயம்? இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை என்று மாறி மாறி அடித்துக்கொண்டே போனார், வெளியே மிஷினும் அதையே அடித்தது, கடைசியில் எது தன் நினைப்பு, எது அதன் சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனபோது படுக்கை மெல்ல வெளிப்பக்கமாக நகர்ந்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. அமலோற்பவம் கூண்டைக் கழற்றினார். லோகநாதன் முதல் காரியமாக மூக்கைச் சொறிந்தார், அது எப்போதோ அரிப்பை விட்டிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்தார். வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஆள் அதிகமில்லை; டீவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் வளர்மதி அவருடைய ஆபீஸ் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள்.

“முடிஞ்சுதுங்களா? ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ரிப்போர்ட்டு நாளைக்குத்தான். ஆனா வளரு, ஒண்ணு சொல்றேன் கேளு. உள்ள இருந்த வரைக்கும் எனக்கு அது கேக்கவே இல்ல.”

அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்தார். ஆனால் அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள்.

“தெரியுமுங்க. உங்களை விட்டுப் போயிருச்சு.”

“எப்படித் தெரியும்?”

“எனக்கு வந்துருச்சுங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க உள்ள போனதும் மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். அவருக்கு எதுவும் வேண்டாம் தாயி, இருக்கிறது எதுவா இருந்தாலும் எனக்குக் குடுத்துருன்னு. சொல்லி வாயை மூடலீங்க, பீப்புங்குது. நாலஞ்சு வாட்டி கேட்டுருச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.”

 டாக்டர் கேட்ட கேள்வி, இவரே பதில் சொல்லத் தெரியாமல் முழித்த கேள்வி, லோகநாதன் வாயில் வந்தது.

“எந்தக் காதுல கேக்குது?”

“காதுலயா?” வளர்மதி அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

பீப்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து பார்த்தார்கள்.

“காதுல இல்லீங்க,” என்றாள் அவள். “மடியில.”

பையைத் திறந்து கொட்டாத குறையாக லோகநாதன் உள்ளே கையை விட்டார். சுருட்டி வைத்த கேபிள்கள், ஸ்க்ரூடிரைவர், காலி டிபன் டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில், துடைக்கிற துணிக்குள் சுற்றிக்கொண்டு, தீப்பெட்டி அளவு ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. சர்வர் அறையில் சூடு ஏறினால் கத்துவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த சாமான். பேட்டரி தீர்ந்துபோய் முனக ஆரம்பித்ததால், வீட்டுக்குப் போகிற வழியில் புது பேட்டரி வாங்கிப் போடலாம் என்று இவரேதான் ஒருநாள் சுவரிலிருந்து கழற்றிப் பையில் போட்டு, அதோடு மறந்தும் போனார். ஆபீசுக்கும், வீட்டுக்கும், பாலத்துக்கும் அது அன்றிலிருந்து கூடவே வந்துகொண்டிருக்கிறது, தன் பேட்டரி சாகப்போகிறது என்று அவருக்காகக் கதறிக்கொண்டே.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினார். வளர்மதி பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் மூடியைத் தள்ளினாள், உள்ளே இருந்த வட்டப் பேட்டரியை எடுத்துத் தன் பர்சில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு வரட்டும்னு கேட்டேன், குடுத்துட்டாளுங்களே,” என்றாள். “செவ்வாக்கிழமை போயி மாவிளக்குப் போட்டுட்டு வந்தரலாம்.”

 இருக்கிறது எதுவா இருந்தாலும் எனக்குக் குடுத்துரு என்று ஒருத்தி இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், கேட்டதும் கிடைத்துவிட்டது என்று நம்பியிருக்கிறாள், நம்பியும் எழுந்து ஓடாமல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.  லோகநாதன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.